வாசனை இல்லாத பொடி

சவரி அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலம் அப்போதுதான் பிடித்திருந்தது. ஏரி முழுக்க ஒரே சாம்பல் நிறம்.

அவர் ஒரு கையில் கூடை. அதில் கால் கட்டிய நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. இன்னொரு கையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். எங்கள் ஊரில் ஜாக்கெட் என்றால் பெண்கள் போடுவது. அதனால் ஆண்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'கோட்டு' என்பார்கள்.

"நாகு, இந்தாம்மா. உனுக்குன்னே எடுத்து வெச்சேன்" என்று கூடையை நீட்டினார். உப்புத் தண்ணீர் பட்டு அவர் உதடு வெடித்திருந்தது. கண்ணின் சிவப்பு இன்னும் போகவில்லை.

மூன்று நாளைக்கு முன் நடந்தது ஊருக்கே தெரியும். முகத்துவாரத்தில், ஏரி கடலோடு சேரும் இடத்தில், அலை ஒன்று அவருடைய படகைப் புரட்டிவிட்டது. மற்ற இருவரும் படகைப் பிடித்துக்கொண்டார்கள். இவரைத் தண்ணீர் வெளியே இழுத்துப் போய்விட்டது. விடிந்ததும் விழுந்தவர், வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் வேறு ஊர்ப் படகு ஒன்றின் கண்ணில் பட்டார்.

"நீ செஞ்ச கோட்டுதான் என்ன காப்பாத்திச்சி" என்றார். "வாரு மட்டும் பிஞ்சிப்போச்சி. உங்க கம்பெனில தச்சிக் குடுப்பாங்களா?"

உள்ளே பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா எழுந்து வந்தார். என் அப்பா. ஏரியில் ஆட்களை ஏற்றி இறக்கும் படகு அவருடையது. "எம்பொண்ணு செஞ்சதாச்சே" என்றார், எச்சில் கையோடு. சிரிக்காத மனிதர் அன்று சிரித்தார்.

நான் கோட்டை வாங்கினேன். கை சட்டென்று கீழே இறங்கியது.

மூன்று நாள் கொடியில் தொங்கிய கோட்டு அது. காற்றுபோல இருக்க வேண்டியது. துணி காய்ந்திருந்தது, உள்ளே இருந்த நுரைத் தகடு கனத்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். தையல் ஓரத்தில் தண்ணீர் முத்துமுத்தாக வந்து நின்றது.

சவரி அண்ணனுக்கும் நைனாவுக்கும் அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. கடலில் கிடந்த பொருள், ஈரமாகத்தான் இருக்கும். அதன் அர்த்தம் அந்த வாசலில் எனக்கு மட்டும் தெரியும்.

"தச்சிக் குடுக்கச் சொல்றேண்ணா" என்றேன். நண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

முடிச்சுப் போடும் மருந்து

அந்தக் கோட்டுக்குள் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்தது நுரைத் தகடு செய்யும் சின்னத் தொழிற்சாலை. வலைக்குக் கட்டும் மிதவை, பாய், லைஃப் ஜாக்கெட்டுக்குள் வைக்கும் தகடு எல்லாம் அங்கே உண்டு. ஆய்வகம் என்ற பெயரில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு கைப்பிடி அழுத்து இயந்திரம், நான்.

பிளாஸ்டிக் என்பது நீளநீளமான நூல்களின் குவியல். சூடாக்கினால் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். அதனுள் வாயுவை விட்டுப் பொங்க வைத்தால் பொங்கும், ஆனால் நிற்காது. நூலுக்கும் நூலுக்கும் நடுவே முடிச்சு விழ வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குமிழும் தனித்தனி அறையாக நிற்கும், தண்ணீர் உள்ளே போகாது. நூல் கண்டுக்கும் வலைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அந்த முடிச்சைப் போட வைப்பது பெராக்சைடு வகைப் பொடி. மாவு பிசைவதுபோல் பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பிசைவோம். சூடு ஏறினால் அது உடையும், உடையும்போது நூல்களைக் கோத்துவிடும். எங்கள் இடத்தில் அதற்கு 'மருந்து' என்று பெயர். எந்த மருந்து, எவ்வளவு, எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை.

ஏன் துறைமுகத்துக்குப் போகவில்லை

என் வேலையைப் பற்றி நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: காட்டுப்பள்ளித் துறைமுகம் அவ்வளவு பக்கத்தில் இருக்க, படித்த பெண் ஏன் நுரை பொங்க வைக்கப் போனீர்கள்?

என் அம்மா, இருந்தவரை, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவிக் கையால் எறா, அதாவது இறால், பிடித்தவள். பொன்னேரிக் கல்லூரியில் எனக்குக் கடைசியாக மிஞ்சிய இடம் வேதியியல். திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று வருடம் நின்றுகொண்டே போய் வந்தேன். என்னோடு படித்த சிலர் துறைமுகத்தில் சேர்ந்தார்கள். நைனா அதன் விரிவாக்கத்தை எதிர்த்துப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர். "நம்ம வூட்லேந்து அங்க யாரும் போவ வாணாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நான் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

நுரைத் தொழிற்சாலைக்கு நான் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான். "இன்னா செய்வாங்க அங்க?"

"மெதக்கறது" என்றேன். தலையை ஆட்டினார்.

பிரேமா அக்காவின் தலைமுடி

நான் சேர்ந்தபோது அங்கே டி.சி.பி. என்ற மருந்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்பகமானது, சொன்ன சூட்டில் சொன்னபடி வேலை செய்யும். ஒரே ஒரு குறை, வாடை. உடைந்த பிறகு அது ஒரு மிச்சத்தை விட்டுப் போகும். முதல் மூச்சில் ஏதோ பூ போல இருக்கும், பத்து நிமிடத்தில் தலையைப் பிடிக்கும்.

தகடுகளை வெட்டும் பிரிவில் எல்லாரும் பெண்கள். பாதிப் பேர் ஏரிக்கரை ஊர்க்காரர்கள். அவர்களில் மூத்தவர் பிரேமா அக்கா. அவர் என்னிடம் நேராகவே சொல்வார்.

"தலைக்கி ஊத்திக்கினாலும் போவ மாட்டேங்குது நாகு. எவ்ளோ சீயக்கா போட்டாலும் அதே வாடதான். வூட்டுக்காரரு திரும்பிப் படுத்துக்கிறாரு."

மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். மதியம் ஆனால் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஏரியின் படகுகளுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட் கொடுக்க முன்வந்தது. ஆர்டர் எங்களுக்கு வந்தது. மாதிரிக்குக் கொஞ்சம் செய்து நைனாவின் படகிலேயே கொடுத்துப் பார்த்தோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கழற்றி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். "நாறுது தாத்தா" என்றார்களாம்.

உடம்பில் இல்லாத ஜாக்கெட்டால் என்ன பயன்? வாடை போக வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது.

மூன்று வழிகள்

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

சிலேன் என்றொரு வகை உண்டு. தண்ணீர் பட்டால் முடிச்சுப் போடும். கேபிள் செய்கிறவர்களுக்கு அருமையானது. எங்களுக்கு முடிச்சு விழுவதும் நுரை பொங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், அதனால் ஆகாது. அதை அரை நாளில் ஒதுக்கினேன்.

இரண்டாவது, பழைய டி.சி.பி.யே. தகடுகளைச் சூடான அறையில் பல நாள் அடுக்கி வைத்து வாடையைப் போக்கலாம். இடம் வேண்டும், நாள் வேண்டும். மழைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும் என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது, சென்னையிலிருந்து விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்த வாசனை இல்லாத பொடி. டி.சி.பி.க்குத் தூரத்துச் சொந்தம். முடிச்சுப் போடும் வலு அதிகம், குறைவாகப் போட்டால் போதும். உடைவதற்கு மட்டும் கூடுதல் சூடு வேண்டும். பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. எனக்குப் பிரேமா அக்காவின் நெற்றித் துணி ஞாபகம் வந்தது.

என் மேசை இயந்திரத்தில் உள்ளங்கை அளவு தகடுகள் செய்தேன். கச்சிதமாக வந்தன. பிறகு பெரிய இயந்திரத்தில் ஓட்டினோம். தகட்டின் ஓரத்திலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தேன். அதுவும் தேறியது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். வழக்கமாக ஓரத்தில்தான் வெட்டுவோம். நடுவில் வெட்டினால் தகடு வீண். ஆனால் பெரிய இயந்திரத்துக்குச் சூடு தரும் கொதிகலன் பழையது, புதுப் பொடி கேட்ட சூட்டுக்கு அது முக்கிமுனகித்தான் ஏறும். தடித்த தகட்டின் ஓரம் வெந்தால் நடுவும் வெந்துவிட்டதாக ஆகாது. ஊத்தப்பம் ஊற்றுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். சோதித்துப் பார்க்கத்தான் மனம் வரவில்லை, ஏனென்றால் முடிவு எனக்குப் பிடித்திருந்தது.

இதையே போடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெட்டும் பிரிவில் அந்த மாதம் யாரும் தலையில் துணி கட்டவில்லை. பிரேமா அக்கா ஒருநாள் எனக்கு வஞ்சிரக் கருவாட்டுத் தொக்கு செய்து எடுத்து வந்தார்.

நடுத்துண்டு

சவரி அண்ணன் வந்துபோன மறுநாள் அந்தக் கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பொன்னேரியில் ஏறிய ரயிலில் அனுப்பம்பட்டு நிலையம் தாண்டும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன். சேலை நனைந்துவிட்டது.

தையலைப் பிரித்துத் தகட்டை எடுத்து நடுவில் கத்தியை இறக்கினேன். ஓரம் வெண்மையாக, பொடிப்பொடிக் கண்களோடு நன்றாக இருந்தது. நடுப்பகுதி பழுப்பேறி, குமிழ்கள் ஒன்றோடொன்று உடைந்து கலந்து, ஊறிய ரொட்டிபோல இருந்தது.

ஒரு சோதனை உண்டு. துண்டைக் கம்பி வலையில் கட்டிச் சைலீன் என்ற திரவத்தில் மணிக்கணக்கில் கொதிக்க வைப்பது. முடிச்சு விழாத பகுதி கரைந்து ஓடிவிடும், விழுந்தது மட்டும் தங்கும். ஓரத்துண்டு அப்படியே நின்றது. நடுத்துண்டு இருந்த வலையைத் தூக்கினேன். கஞ்சியில் மிஞ்சிய இரண்டு பருக்கைபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

முடிச்சு விழுவதற்கு முன்பே வாயு பொங்கிவிட்டது. சுவர் இல்லாத அறைகள். தண்ணீர் முதலில் தயங்கும், பிறகு ஒவ்வொன்றாக நுழையும்.

மேலாளர் பாஸ்கரன் சாரிடம் காட்டினேன். கெட்டவர் இல்லை. கொதிகலனைப் பற்றி மேலிடத்தில் பலமுறை சொல்லிச் சொல்லி அலுத்தவர்.

"ஆள் பொழச்சிட்டாருல்ல?" என்றார்.

"பொழச்சிட்டாரு சார்."

"அப்புறம் என்னம்மா. பொருள் வேலை செஞ்சிருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா செஞ்சிருக்காது சார்."

அவர் அந்த நடுத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு என்னை முதலாளியிடம் கூட்டிப்போனார். முதலாளி சத்தம் போடவில்லை. மழை முடியட்டும், சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார்.

மழையில்தான் படகு கவிழும். இதை அவரிடம் சொன்னேன். "நீதானேம்மா கையெழுத்துப் போட்டே" என்றார். உண்மைதான். என் வாயை அடைக்கத்தான் சொன்னார். ஆனால் இதை யார் போய்ச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெளிவாயிற்று.

ஏலக் கொட்டகையில்

அன்று மாலை படகுத்துறையில் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றைச் சுருட்டியபடியே கேட்டார்.

"எத்தினி ஊர்ல குடுத்துக்கீறாங்க?"

"ஏரி பூரா நைனா."

கயிற்றைக் கீழே வைத்தார். "அப்ப உக்காந்துக்கினு இன்னா பண்ற? காலைல கெளம்பு. நான் கூட்டினு போறேன்."

மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஊர்ஊராகப் போனோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரே வார்த்தைகளைச் சொன்னேன்: இது தண்ணீர் குடிக்கும், போடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள், தப்பு என்னுடையது. சிலர் தூக்கிப் படகில் எறிந்தார்கள். சிலர் தர மறுத்தார்கள். "இதுவும் இல்லன்னா இன்னாத்த போட்டுக்கினு போவோம்?" என்று ஒரு பெண் கேட்டாள். நைனா படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் செய்தது என்று இதே ஊர்களில் சொல்லித் திரிந்தவர்.

எங்கள் ஊரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மீன் ஏலம் விடும் கொட்டகையில் கூடினார்கள். சவரி அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஞானம் அக்கா. என் அம்மாவைப்போல அவரும் கையால் எறா பிடிக்கிறவர்.

நான் சொல்லி முடித்ததும் சவரி அண்ணன் எழுந்தார்.

"அப்ப என்ன காப்பாத்துனது இன்னா?"

"கோட்டுதாண்ணா. ஆனா அது தண்ணி குடிச்சிக்கினே இருந்திச்சி."

"அந்தப் படகு வர்லன்னா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "முழுகியிருப்பீங்க."

கொட்டகையின் தகரத்தின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்தார்.

"வூட்டுக்கு வந்தனே, நண்டு எடுத்துக்கினு. அப்பவே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்ணா."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். ஞானம் அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்.

திரும்ப வந்த வாடை

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தொண்டு நிறுவனத்துக்கு விஷயம் போய்விட்டதால் எல்லாவற்றையும் மாற்றித் தர வேண்டியதாயிற்று, அதைச் செய்ய வேறு ஆள் இல்லை. "சரி பண்ணிட்டுப் பேசுவோம்" என்றார். பிறகு அந்தப் பேச்சு வரவேயில்லை.

டி.சி.பி.க்கே திரும்பினேன். தகடுகளைச் சூடான அறையில் அடுக்கி, வாடை அடங்கும்வரை எடுக்க விடவில்லை. அடங்கியதே தவிரப் போகவில்லை. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தகட்டை நடுவில் பிளந்து பார்த்தேன். கல்லைக் கட்டி டிரம் தண்ணீரில் ஒரு மாதம் போட்டு எடை பார்த்தேன். வீண் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் வெட்டும் பிரிவில் வாடை பழையபடி வந்துவிட்டது. வெளியேற்றும் விசிறிகள் இரண்டு போடச் சொல்லிக் கேட்டேன், ஒன்று போட்டார்கள். பிரேமா அக்காவிடம் போய் நின்றேன். அவர் நெற்றியில் துணியை இறுக்கிக்கொண்டே, "தெரியும் போ" என்றார். பிறகு, "எம்புள்ளயும் உங்க நைனா படகுலதான் போவுது" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

புதியவை தயாராகும்வரை ஏரியில் யாருக்கும் நம்பிப் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. பழையதைப் பிடுங்கிக்கொண்டவள் நான். காற்று எழுந்த ஒவ்வொரு நாளும் எல்லாப் படகும் திரும்பிவிட்டதா என்று நைனாவிடம் கேட்டேன். அந்த வாரங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் பங்கு எதுவும் கிடையாது.

முகத்துவாரத்தில்

மழை ஓய்ந்து, ஏரியில் பறவைகள் நிறைந்திருந்த சமயம் புதிய கோட்டுகள் வந்தன. நைனாவின் படகில் ஏற்றி எங்கள் ஊரில் கொடுத்தோம். தயக்கத்தோடு வாங்கிக்கொண்டார்கள். சவரி அண்ணன் வாங்கவில்லை. கரையில் உட்கார்ந்திருந்தார்.

நானே எடுத்துப்போய் நீட்டினேன்.

"நீ போட்டுக்கோ" என்றார். "போட்டுக்கினு எறங்கு."

"எங்கண்ணா?"

"நான் வுழுந்த எடத்துல."

எங்கள் ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான். நடந்து திரிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு நீந்தத் தெரியாது. இது சவரி அண்ணனுக்கும் தெரியும். நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் படகில் ஏறிவிட்டேன்.

மூன்று பேரும் போனோம். முகத்துவாரத்தில் தண்ணீரின் நிறம் மாறும். அடியில் எதுவோ இழுப்பது படகுப் பலகையிலேயே தெரியும். நைனா என் இடுப்பில் கயிறு கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மறுமுனையைச் சவரி அண்ணன் கேட்டு வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

இறங்கினேன்.

தலை முழுகியது. காதில் உப்பு. பிறகு கோட்டு என்னை மேலே தூக்கியது, கழுத்தைப் பிடித்துத் தூக்குவதுபோல. மூக்குக்குக் கீழே அந்த வாடை. கால் கீழே எதையோ தேடிக்கொண்டே இருந்தது. தரை இல்லை. படகு சின்னதாயிற்று, கயிறு நீண்டது. ஒவ்வோர் அலையும் வரும்போது இதுதான் கடைசி என்று நினைத்தேன். உச்சி வெயில்வரை இதிலேயே ஒரு மனிதர் கிடந்திருக்கிறார், தன்னைத் தாங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே வருவது தெரியாமல். கொட்டகையில் நான் சொன்னதெல்லாம் வார்த்தைகள். தண்ணீரில்தான் எனக்கு அது உறைத்தது. அழுதேன். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளங்கை சுருங்கிப்போயிருந்தது. கயிறு இறுகியது. சவரி அண்ணன் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, அக்குளில் கை கொடுத்து என்னைப் படகுக்குள் தூக்கிப் போட்டார். நைனா தன் துண்டை எடுத்து என்மேல் போர்த்தினார்.

படகு கரையை நோக்கித் திரும்பியது. பாதித் தூரம் வந்த பிறகுதான் சவரி அண்ணன் வாயைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு எடுத்து வையி. ஞானமும் எறா தடவ ஆழத்துக்குத்தான் போறா. அவ ஒல்லி. சின்னதா பாத்துக் குடு."